வெளிச்சம் வராத குழிகள்

“வெளிச்சம் வந்துருச்சும்மா” என்று என் ஆராய்ச்சி நெறியாளர் மேடம் போனில் சொன்னபோது நான் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. மகள் வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளாகவே என் விரலிலிருந்து அதைக் கவ்விக்கொண்டாள்.

சிவகாசியில் வெளிச்சம் வந்தது என்றால் நல்ல செய்தி. பற்றவைத்தது எரிகிறது, சரக்கு தேறிவிட்டது என்று பொருள். எனக்கு மட்டும் அது தலைகீழ். என் முனைவர் பட்ட ஆராய்ச்சியில் வெளிச்சம் வந்தால் தோல்வி, இருட்டாகக் கிடந்தால் வெற்றி.

கொரோனா வைரஸ் நம் உடம்பின் செல்லுக்குள் நுழைந்ததும், தனக்கு வேண்டிய புரதங்களை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஒரே நீளச் சங்கிலியாகச் செய்துவிட்டு, பிறகு ஒரு நொதியைக் கொண்டு அங்கங்கே வெட்டிக்கொள்கிறது. வெட்டு விழாவிட்டால் வைரஸ் பெருக முடியாது. செடிகளில் இயற்கையாக இருக்கும் சேர்மங்களில் ஏதாவது ஒன்று அந்த நொதியின் வாயை அடைக்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. வீட்டில் இதைப் புரியவைக்க எனக்கு இரண்டு வருடமாக முடியவில்லை. என் கணவர் ஒரே நாளில் முடித்துவிட்டார். அவர் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறார். ஒரு பெரிய ஷீட்டில் வரிசையாக லேபிள் அச்சாகி வரும், வெட்டாதவரைக்கும் அது லேபிள் இல்லை, வெறும் ஷீட்தான், என் பெண்டாட்டி அந்தக் கத்திக்கு நடுவில் சொருக ஒரு கட்டை தேடுகிறாள் என்று தன் அம்மாவிடம் சொன்னார். என் மாமியாரான அத்தைக்கு அதோடு எல்லாம் விளங்கிவிட்டது.

சோதனையும் எளிமையானதுதான். உள்ளங்கை அகலத் தட்டில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். அதில் நொதியையும், அது வெட்டக்கூடிய ஒரு புரதத் துணுக்கையும் ஊற்றுவார்கள். வெட்டுப்பட்டால் துணுக்கு ஒளிரும். நம் இலைச்சாறு நொதியை அடைத்துவிட்டால் வெட்டு விழாது, குழி இருட்டாகவே இருக்கும். இதை அத்தையிடம் சொன்ன அன்று அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

“வெளிச்சம் வராத சரக்க எங்க கம்பெனில ரிஜெக்ட்டுனு ஒதுக்கிப் போடுவோம். நீ அதுக்குப் பட்டம் வாங்கப் போறியாக்கும்?”

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறார் அத்தை. காலையில் வேன் வரும், மாலையில் இறக்கிவிடும்.

நான் இந்தத் தலைப்பை எடுத்ததே ஊரடங்கால்தான். எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து, விருதுநகரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குப் பதிந்த நேரத்தில் ஆய்வகங்களைப் பூட்டிவிட்டார்கள். வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில் செய்யக்கூடிய வேலையாக மேடம் இதைக் கொடுத்தார். நம் பக்கத்துச் செடிகளில் இருக்கும் சேர்மங்களின் வடிவத்தை ஒவ்வொன்றாக எடுத்து, நொதியின் பள்ளத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் பொருத்தியதில் சில நன்றாகப் பொருந்தின. அதில் ஒன்று, கரிசல் காட்டு வரப்பில் தானாக முளைக்கும் ஒரு சிறு செடியின் இலையில் இருந்தது. ஆடுகூட அதைத் தொடாது. கம்ப்யூட்டரில் பொருந்துகிறவை எல்லாம் நிஜத்தில் பொருந்தாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே நிஜமாகவே இலையைப் பறித்து, காயவைத்து, சாறு எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் கல்யாணம் ஆகி, மகள் பிறந்து, அவளுக்கு இரண்டு வயதும் ஆகிவிட்டது. கொரோனா பேச்சு ஓய்ந்துவிட்டது. “அதான் போயிருச்சேம்மா, இன்னும் எதுக்குப் படிக்கே?” என்று தெருவில் கேட்பார்கள். அந்த வைரஸுக்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், இன்னொன்று எப்போது வேண்டுமானாலும் வரலாம், அப்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று சொல்வேன். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று வீட்டுக்குள் வந்து யோசிப்பேன்.

என் சுபாவம் அது. கேஸை அணைத்துவிட்டுத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். மகளுக்குக் காய்ச்சல் இல்லாத நாளிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பேன். சொன்ன வேலையைச் சொன்ன நாளுக்குள் முடித்துவிடுவேன், முடித்த பிறகுதான் பயம் தொடங்கும்.

முதல் தடவை இலையைக் கல்லூரியிலேயே காயவைத்தேன். கைப்பிடி அளவுதான். வெளியூரில் ஒரு பெரிய ஆய்வகத்தில் நொதிச் சோதனை செய்து தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். அனுப்பிய சாற்றுக்குக் குழிகள் அப்படியே இருட்டாகக் கிடந்தன. மேடம் சந்தோஷப்பட்டார். ஆனால், ஒரு தடவை வருவது தற்செயலாகவும் இருக்கலாம், அதிக அளவில் இலை எடுத்து மறுபடியும் செய், அப்போதும் வந்தால்தான் அது உண்மை என்று சொல்லிவிட்டார். நான் அன்று ஒரு சந்தோஷத்துக்கு மூன்று சந்தேகம் பட்டேன். குப்பியில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனோ? கழுவாத கண்ணாடிக் குடுவையை எடுத்துவிட்டேனோ? வேறு யாருடைய சாறோ போய்விட்டதோ?

இரண்டாம் தடவை ஒரு சாக்கு நிறைய இலை. என் கணவர் அதற்கு ‘ரெண்டாம் லோடு’ என்று பெயர் வைத்தார். கல்லூரியில் அவ்வளவு இடம் இல்லாததால் வீட்டு மாடி அறையில் பரப்பினேன். அச்சகத்தில் மிஞ்சிய அச்சிடாத வெள்ளைத் தாள்களைத் தரையில் விரித்து, மெல்லிய அடுக்காகப் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, வெயில் விழும் பக்கம் சேலையைக் கட்டினேன். இப்படிப்பட்ட இலையை நிழலில்தான் காயவைக்க வேண்டும். இது முதல் வருடப் பாடம். நான் தினமும் மாடி ஏறிப் பார்த்து, ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் மகளுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, நான்கு நாள் அவளோடு இருந்தேன். கோடை உச்சியில் விபத்துக்குப் பயந்து கம்பெனியில் வேலையைக் குறைத்திருந்தார்கள். அத்தை லீவு போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார். மகள் தேறி வீட்டுக்கு வந்தபோது இலை சருகாகக் காய்ந்திருந்தது. பொடித்தேன், சாறு எடுத்தேன், அனுப்பினேன்.

அந்தச் சாற்றுக்குத்தான் வெளிச்சம் வந்துவிட்டது என்று மேடம் போன் செய்தார். எல்லாக் குழியிலும், ஒன்றுகூட மிச்சமில்லாமல்.

அதன் பிறகு இரண்டு வாரம் பிழை தேடுவதே என் வேலையாகிவிட்டது. பல்கலைக்கழகம் கொடுத்த காலம் அந்த வருடக் கடைசியோடு முடிகிறது. இந்த அத்தியாயம் விழுந்தால் ஆய்வேட்டில் மிஞ்சுவது கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்த கணக்குகள் மட்டும்தான், அதற்குப் பட்டம் கிடைக்காது. வேறொரு செடியில் முதலிலிருந்து தொடங்க நேரம் இல்லை. எடை போட்டதைச் சரிபார்த்தேன். திரவத்தின் அளவைச் சரிபார்த்தேன். அனுப்பிய பெட்டியில் ஐஸ் உருகியதா என்று கூரியர்காரரைக்கூட விசாரித்தேன். எங்கும் தவறு தெரியவில்லை. அப்படியானால் தவறு முதல் தடவையில்தான் இருந்திருக்க வேண்டும் என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது. எனக்கு அது சுலபமான முடிவு. நல்லது நடந்தால் அதில்தான் பிழை இருக்கும் என்று நம்பியே வளர்ந்துவிட்டேன்.

மேடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதல் முடிவு என் கவனக்குறைவால் வந்ததாக இருக்கலாம், அந்த அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்று. மகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்வது என்னால் ஆகாது போலிருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்தேன். பிறகு அந்த வரியை அடித்தேன். மறுநாள் திரும்பவும் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தார். நான் துணி எடுக்கப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னத்தா இப்படி வாடிப்போய்த் திரியுற என்று கேட்டார். இலை கைவிட்டுவிட்டது என்றேன். அவருக்கு மனம் கேட்கவில்லை.

“அம்புட்டும் நல்லாத்தான காஞ்சுச்சு? நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப நாலு நாளும் நாந்தான வெயில்ல போட்டு எடுத்தேன்.”

என் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. “வெயில்லயா?”

“பின்ன? புள்ளைக்குக் காய்ச்சல்னு அரக்கப்பரக்க ஓடிட்ட. நிழல்லயே போட்டுட்டுப் போயிட்டியேன்னு நாந்தான் பாத்து மொட்டமாடியில விரிச்சேன். ஈரம் இருந்தா ஆவுமா?”

அவர் குரலில் பெருமை இருந்தது. அதை நான் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எல்லாமே வெயிலில்தான் காயும். திரி, பசை போட்ட குழாய், மத்தாப்பு, பூச்சட்டி எல்லாமே கம்பெனியின் வெயில் மேடையில் போட்டுக் காயவைக்க வேண்டியவை. வெயில் ஒன்றை நம்பித்தான் இந்தத் தொழிலே இங்கே வந்து உட்கார்ந்தது. சரக்கில் ஈரம் நின்றால் நமத்துப்போகும், சில நேரம் அதைவிட மோசமாகவும் ஆகும். இருபத்தைந்து வருடம் அந்த மேடையைக் காத்தவர், நிழலில் கிடந்த இலையைப் பார்த்ததும் மருமகள் மறந்துவிட்டாள் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? உதவி செய்துவிட்டு, அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இருந்துவிட்டார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று கேட்டும்விட்டேன். அத்தை மாவு இருந்த கையோடு என்னைப் பார்த்தார். நான் கீழே வந்து குறிப்பேட்டைத் திறந்தேன். ஒன்பது நாளும் என் கையெழுத்து அழகாக இருந்தது. ‘நிழலில் உலர்த்தப்பட்டது’, ‘நிழலில் உலர்த்தப்பட்டது’. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாளுக்கும் அதையே எழுதியிருந்தேன். வீடு திரும்பிய அன்று, விட்டுப்போன பக்கங்கள் வெறுமையாக இருக்கக் கூடாதே என்று, கண்ணால் பார்க்காததைப் பார்த்ததுபோல நிரப்பியிருந்தேன். அத்தை செய்தது அறியாமல். நான் செய்தது பொய்.

இதை மேடத்திடம் சொல்வதா, வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சொன்னால் மற்ற பக்கங்களையும் நம்பாமல் போய்விடுவாரோ? என் கணவரிடம் கேட்டேன். அவர்கள் அச்சகத்தில் ஒரு ஷீட் கோணலாக வெட்டுப்பட்டால் அதை மறைத்து அடுக்கில் சொருகுகிறவனைத்தான் வேலையை விட்டு அனுப்புவார்கள், எடுத்துக் காட்டுகிறவனை அனுப்ப மாட்டார்கள் என்றார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் விருதுநகர் போனேன்.

மேடம் குறிப்பேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை நான் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. திட்டினார். நன்றாகவே திட்டினார். பிறகு, முதல் லோடில் பொடி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

இருந்தது. சின்னக் குப்பியில், அலமாரியின் இருட்டு மூலையில். கல்லூரியில் ஒரு கருவி உண்டு. சாற்றில் கலந்திருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகடு வரைந்து காட்டும். முதல் லோடையும் இரண்டாம் லோடையும் அதில் அடுத்தடுத்துப் போட்டோம். இரண்டு தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மேடம் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். சின்ன முகடுகள், பெரிய முகடுகள் எல்லாம் ஒன்றாகப் பொருந்தின. ஒரே ஒரு இடத்தில் மட்டும் முதல் தாளில் ஒரு மலை எழுந்து நின்றது, இரண்டாம் தாளில் அங்கே வெறும் தரை. கம்ப்யூட்டரில் நான் பொருத்திப் பார்த்த அதே சேர்மம். நான்கு நாள் சிவகாசி வெயில் அதை ஒன்றுமில்லாமல் சிதைத்திருந்தது.

“அப்ப மூணாவது தடவ” என்றார் மேடம். “இந்தத் தடவ நீ பாத்தத மட்டும் எழுது.”

வீட்டுக்கு வந்து அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. வெயிலில் கெடும் பொருள் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பிறகு எழுந்து போய், மறுபடியும் அதே இலை எங்கே கிடைக்கும் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். கோடைக்குப் பிறகு எங்கள் பக்கத்து வரப்புகள் காய்ந்து கிடந்தன. கம்பெனிக்குப் போகும் வழியில், ஒரு கண்மாய்க் கரையில் அது அடர்ந்து நிற்பதை வேன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். அவரோடு வேனில் வரும் நாலு பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். எதற்கு என்று கேட்டவர்களிடம் அத்தை, மருமகளுக்கு மருந்துக்கு என்றார். எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிக்குள் போவதும்தான். “எந்த மருந்துக்கா? எடுத்துட்டுப் போயி திரி வைக்கப் போறீகளா?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் ஒவ்வொரு செடியையும் திருப்பித் திருப்பி, அதே செடிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செடியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தொற்றுக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு செடியின் பெயர் வாட்ஸப்பில் வந்த மூன்றாம் நாள், ரோட்டோரத்தில் அதன் வேர்கூட மிஞ்சவில்லை. அவித்துக் குடித்து வயிறு கெட்டவர்கள்தான் மிஞ்சினார்கள்.

மூன்றாம் லோடுக்கு எங்கள் மாடி அறை ஒரு கம்பெனி மாதிரி ஆனது. அது ஆடி மாதம், காற்று பிய்த்துக்கொண்டு போகும். இலை பறக்காமல் இருக்க மேலே கொசுவலை விரித்தோம். அத்தை முதல் நாளே எல்லா ஜன்னலையும் கறுப்புத் துணியால் இறுக்க மூடிவிட்டார். காற்று வர வேண்டும், வெயில்தான் வரக் கூடாது என்று நான் சொன்னதும், அப்படித் தெளிவாகச் சொல்லு என்று பாதியைத் திறந்தார். என் கணவர் அச்சகத்திலிருந்து பெரிய எழுத்தில் ஒரு தாள் அடித்துக்கொண்டு வந்தார். சிவப்பு மையில், ‘வெயில் படக் கூடாது’. கம்பெனியில் ‘தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது’ என்று ஒட்டுவார்களே, அந்த அளவில். அதைக் கதவில் ஒட்டியதும் அத்தைக்கு நிம்மதி. போர்டு இருந்தால் யாரும் மீற மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். மகள் பொம்மையை எடுக்க மாடிக்கு ஓடினால்கூட, “ஏத்தா, அங்கன போர்டு போட்டிருக்குல்ல?” என்று அவளுக்கு இரண்டரை வயது என்பதையே மறந்து கேட்பார்.

நான் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஏறிப் பார்த்தேன். பார்த்த நேரத்தை எழுதினேன். பார்க்க முடியாத வேளைக்கு, ‘பார்க்கவில்லை’ என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதும்போது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சாற்றை அனுப்பும்போது ஒரு நீண்ட பட்டியலும் வைத்தேன். சாற்றின் பச்சை நிறமே வெளிச்சத்தை மறைத்துவிட்டால்? இலையில் இருக்கும் துவர்ப்புப் பொருள்கள் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளுமே, அதனால் நொதி முடங்கியிருந்தால்? அது ஒட்டாமலிருக்கச் சோப்பு போன்ற ஒன்றைக் கலந்தும் பாருங்கள், வேறொரு நொதியிலும் போட்டுப் பாருங்கள், இரண்டாம் லோடையும் மறுபடியும் பக்கத்திலேயே வையுங்கள் என்று கேட்டிருந்தேன். அந்த ஆய்வகத்துப் பெண், இவ்வளவு சந்தேகத்தோடு யாரும் எங்களுக்கு எழுதியதில்லை என்று மேடத்திடம் சொன்னாராம். கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. மேடம், அது பாராட்டும்மா என்றார்.

முடிவு வர மூன்று வாரம் ஆனது. போன் வந்த சாயங்காலம் நான் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எடுக்க முடியவில்லை. கை துடைத்துவிட்டுப் பார்த்தால், மேடம் ஒரு படம் அனுப்பியிருந்தார். வரைபடத்தில் இரண்டு கோடுகள். வெயிலில் காய்ந்த இலையின் கோடு புஸ்வாணம் மாதிரி மேலே ஏறியிருந்தது. நிழலில் காய்ந்த இலையின் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. நான் மேடத்தைக் கூப்பிட்டேன். நிறம் மறைக்கவில்லையே? துவர்ப்பு? சோப்பு கலந்ததில்? எல்லாவற்றுக்கும் அவர் பொறுமையாக, அப்படியேதான் இருக்கிறது, அப்படியேதான் இருக்கிறது என்றார். கடைசியில், “வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். “இல்ல மேடம்” என்றேன்.

ஈரத் தலையோடு மகளைத் தூக்கிக்கொண்டு தெருவரை ஓடினேன். வேன் வந்து நின்று, அத்தை இறங்கிக்கொண்டிருந்தார். “இருட்டாத்தான் இருக்கு அத்தை” என்று கத்தினேன். வேனில் இருந்தவர்கள், வெயில் இறங்காத நேரத்தில் இருட்டு என்கிற இந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று பார்த்தார்கள். அத்தை படியில் நின்றபடியே திரும்பி, “எங்க சரக்கு வெளிச்சம் வரலியாம்டி, பாஸ் ஆயிட்டு” என்றார். என்ன விஷயம் என்று தெரியாமலே அவர்களும் சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு அந்தச் சேர்மத்தை இலையிலிருந்து பிரித்துத் தூய்மையாக எடுத்தேன். அதுவும் நொதியை அடைத்தது. தகுந்த பாதுகாப்பு உள்ள வேறொரு ஆய்வகத்தில், செல்களில் வைரஸைப் பெருகவிட்டுப் பார்த்ததிலும் வைரஸின் பெருக்கம் குறைந்தது, செல்களும் சாகவில்லை. வருடம் முடிய ஒரு வாரம் இருக்கையில் ஆய்வேட்டைக் கொடுத்தேன். இரண்டாம் லோடுக்கு என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதினேன். நிரப்பி எழுதிய அந்த நான்கு நாள் பக்கங்களையும் சேர்த்துத்தான்.

வாய்மொழித் தேர்வு அடுத்த தீபாவளி முடிந்த வாரத்தில் வந்தது. அந்தச் சமயத்தில் பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் மூடியிருக்கும். அது பொதுத் தேர்வு, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்று நான் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். காலை பத்து மணிக்குக் கல்லூரி வாசலில் அந்த வேன் வந்து நின்றது. பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக, அத்தையும் அவரோடு வேலை பார்ப்பவர்களும் பதினான்கு பேர் இறங்கினார்கள். டிரைவரும் வேட்டி சட்டையில் வந்திருந்தார். என் கணவர் மகளைத் தோளில் வைத்திருந்தார். மேடம் கூடுதல் நாற்காலி போடச் சொன்னார்.

பேசத் தொடங்கியபோது வார்த்தைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடின. போகப் போகச் சரியாகிவிட்டது. நான் முடித்ததும் கூட்டத்திலிருந்து முதல் கேள்வி வந்தது. கண்மாய்க் கரைக்கு இலை பறிக்க வந்தவர்களில் ஒருவர், எழுந்து நிற்கலாமா வேண்டாமா என்று தயங்கி, பாதி எழுந்தார்.

“அப்ப இத அவிச்சுக் குடிச்சா கொரோனா வராதா?”

அரங்கில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கேட்கப்பட்டதிலேயே முக்கியமான கேள்வி அதுதான் என்று தோன்றியது.

“குடிக்கக் கூடாதுக்கா” என்றேன். “தட்டுல வேலை செஞ்சிருக்கு, செல்லுல வேலை செஞ்சிருக்கு. மனுச ஒடம்புக்குள்ள போனா என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதத் தெரிஞ்சுக்க இன்னும் பல வருசம் ஆகும். அதுவரைக்கும் இது மருந்தில்ல.”

“அம்புட்டுத் தெளிவாச் சொன்னா சரிதான்” என்று உட்கார்ந்துவிட்டார்.

தெரியாது என்ற சொல்லை நான் வாழ்நாள் முழுக்கப் பயந்து பயந்து சொல்லியிருக்கிறேன். அன்று அது என் வாயிலிருந்து நிமிர்ந்து வந்தது.

பிறகு வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார். கண்டிப்பானவர் என்று பெயர். இலையில் நூறு பொருள்கள் இருக்கும், இந்த ஒன்றுதான் வேலை செய்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றார். நான் அந்த இரண்டு தாள்களின் படத்தைத் திரையில் போட்டேன். இரண்டும் அதே செடி, அதே திரவம், அதே அளவு. ஒன்று முழுக்க நிழலில் காய்ந்தது, இன்னொன்று நான்கு நாள் வெயிலில் கிடந்தது. வெயிலில் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இந்த ஒரு முகடு மட்டும் போனது. அது போனதும் தடுப்பும் போனது. பிறகு தூய்மையாகப் பிரித்ததும் இதையே சொன்னது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மிக நல்ல ஒப்பீடு, இதைத் திட்டமிட்டது நீங்களா, உங்கள் நெறியாளரா என்றார்.

ஒரு நொடி, ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. “யாரும் திட்டமிடல சார். நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, எங்க அத்தைதான் நல்லதுன்னு நெனச்சு வெயில்ல போட்டாங்க.”

அவங்க வந்திருக்காங்களா என்று கேட்டு முடிக்கும் முன்பே அத்தை எழுந்து நின்றுவிட்டார். எத்தனை நாள் போட்டீர்கள் என்று தேர்வாளர் கேட்டார்.

“நாலு நா சார். காலைல பத்துக்கு விரிச்சு, சாயந்தரம் நாலுக்கு வாருவேன். நடுவுல ரெண்டு தடவ பொரட்டிவிட்டேன். ராத்திரி ஈரம் படாம உள்ள எடுத்து வச்சுருவேன்.”

தேர்வாளர் தன் தாளில் அதை எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு, செய்முறையைச் சொன்னால் இப்படிச் சொல்ல வேண்டும், உங்கள் ஆய்வேட்டில்கூட எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இல்லையே என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன் அதைச் சேர்த்துவிடுவதாகச் சொன்னேன். அத்தை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். வெயிலில் போட்டது தப்புதானே சார் என்று அவர் கேட்டபோது அந்தக் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. ஒன்றரை வருடமாக அதை அவர் மனதில் வைத்திருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“தப்புதாம்மா” என்றார் தேர்வாளர். “ஆனா நீங்க அதச் செய்யலன்னா, நான் கேட்ட கேள்விக்கு உங்க மருமகளால இவ்வளவு நல்லா பதில் சொல்லியிருக்க முடியாது.”

அத்தை உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர் அவர் தோளில் இடித்தார். மேடம் தாளோடு எழுந்து நின்று, முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம் என்பதை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினார். அந்த வாக்கியத்தை நான் முழுதாகக் கேட்கவில்லை. வேனில் வந்திருந்தவர்கள், அவர் வாசித்து முடிக்கும் முன்பே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள்.